'பிஸி' என்று மறுக்கும் மவுண்ட், வளர மறுக்கும் டிஸ்க்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் எங்கள் கடற்கரை ஊர்களில் லினக்ஸ் ஓடும் பெட்டிகள் இப்போது நிறைய. மீன் கம்பெனியின் கணக்கு அறை, கல்யாண வீடியோ எடிட் பண்ணும் ஸ்டுடியோ, பள்ளிக்கூட லேப், ஐஸ் பிளான்ட் ஆபீஸில் மூலையில் நிற்கும் பழைய டெஸ்க்டாப். அங்கிருந்தெல்லாம் வரும் போன் பெரும்பாலும் இரண்டு வகைதான். "டிஸ்கை எடுக்க விடமாட்டேங்குது" என்பது ஒன்று. "பெரிய டிஸ்க் போட்டும் இடம் கூடலை" என்பது இன்னொன்று.

இரண்டிலும் பலர் முதலில் கையில் எடுப்பது வலுக்கட்டாயம். ஃபோர்ஸ் போடுவது, கில் பண்ணுவது, அதுவும் ஆகாவிட்டால் கேபிளைப் பிடுங்குவது. பிஸி என்று கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) சொல்வது கோளாறு அல்ல. உள்ளே இன்னும் ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று அது நமக்குத் தரும் தகவல். அவர் யார் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இடம் கூடாத சிக்கலிலும் கேள்வி அதேபோலத்தான்: டிஸ்க், பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்த பகுதி), எல்விஎம் (பல பார்ட்டிஷனை ஒரே இடமாகச் சேர்க்கும் அமைப்பு, எல்லாப் பெட்டியிலும் இருக்காது), ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) என்ற அடுக்குகளில் எது வளராமல் நிற்கிறது? அதைக் கண்டுபிடிக்காமல் எந்தக் கட்டளையையும் தட்டாதீர்கள்.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து வரும் இடத்தில் 'பெரிய' என்று சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் பெரிய எம்முக்கும் சின்ன எம்முக்கும் லினக்ஸில் வேறு வேறு வேலை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்த மூன்றையும் ஓட்டி, வருவதைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்:

எல்எஸ்பிஎல்கே -எஃப்
ஃபைண்ட்எம்என்டி
டிஎஃப் -எச்

எந்த டிஸ்கில் எந்தப் பார்ட்டிஷன், அதில் என்ன ஃபைல் சிஸ்டம், அது எந்த ஃபோல்டரில் மாட்டியிருக்கிறது, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதெல்லாம் இதிலேயே தெரிந்துவிடும். எஸ்டிஏ எது, எஸ்டிபி எது என்று குழம்பி வேறு டிஸ்கில் கை வைத்துவிடாமல் இருக்க அந்தப் படம் உதவும்.

அறிகுறி: யுமவுண்ட் கொடுத்தால் 'டார்கெட் இஸ் பிஸி'

அதிகம் வருவது இதுதான். மவுண்ட் என்றால் டிஸ்கை ஒரு ஃபோல்டரில் மாட்டுவது, யுமவுண்ட் என்றால் அதைக் கழற்றுவது.

கீழக்கரையில் ஒரு ஸ்டுடியோ. வீடியோவை எக்ஸ்டர்னல் டிஸ்கில் ஏற்றிப் பெண் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். ஆள் வாசலில் நிற்கிறார். "தம்பி, எல்லா விண்டோவையும் மூடிட்டேன், இன்னும் பிஸிங்குது." "காக்கா, அந்தக் கருப்பு டெர்மினல் எந்த ஃபோல்டர்ல நிக்குது பாருங்க" என்றேன் (எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன்). டிஸ்குக்குள்தான் நின்றது. ஒரு ஷெல் (டெர்மினலில் கட்டளை வாங்கும் புரோகிராம்) அந்த ஃபோல்டருக்குள் சும்மா நின்றாலே போதும், ஒரு ஃபைலைக்கூடத் திறந்திருக்க வேண்டாம், மவுண்ட் பிஸிதான். சிடி என்று மட்டும் தட்டி வெளியே வந்துவிட்டு மறுபடி முயலுங்கள். இன்னொரு டேபில், ஸ்க்ரீனில், டிமக்ஸில் மறந்துபோன ஷெல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அங்கே அதோடு தீரவில்லை. அடுத்து ஓட்ட வேண்டியது:

சூடோ ஃப்யூசர் -வி -எம் /மீடியா/கல்யாணம்

சூடோ, அதாவது நிர்வாகி உரிமை, இல்லாமல் ஓட்டினால் மற்ற பயனர்களின் புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) முழுதாகத் தெரியாது. "யாருமே இல்லையே" என்று ஏமாறுவது பெரும்பாலும் இதனால்தான். வந்த பதில் இந்த வடிவில் இருக்கும்:

ரூட்  கெர்னல்  மவுண்ட்  /மீடியா/கல்யாணம்
ஸ்டுடியோ  2214  ..சி..  பாஷ்
ஸ்டுடியோ  2391  பெரிய எஃப்....  மெல்ட்

முதல் வரி எப்போதும் வரும், அது மவுண்ட்டே தன்னைச் சொல்வது. மூன்றாவது பத்திதான் முக்கியம். சி என்றால் அந்தப் புராசஸ் அந்த ஃபோல்டரில் நிற்கிறது. சின்ன எஃப் என்றால் ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது, பெரிய எஃப் என்றால் எழுதுவதற்காகத் திறந்திருக்கிறது. இ என்றால் அந்த டிஸ்கில் இருக்கும் புரோகிராமே ஓடிக்கொண்டிருக்கிறது. எம் என்றால் ஃபைல் நினைவகத்தில் மேப் ஆகியிருக்கிறது. ஆர் என்றால் அதை ரூட் ஃபோல்டராகக் கொண்டு ஓடுகிறது.

இங்கே மெல்ட் யார்? கேடென்லைவ் ரெண்டரைத் தனிப் புராசஸாக ஓட்டும், அதுதான் மெல்ட். எடிட்டர் விண்டோவை மூடினாலும் ரெண்டர் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். வரியில் பெரிய எஃப் நின்றது, அதாவது வீடியோ இன்னும் எழுதி முடியவில்லை. அந்த நேரத்தில் கேபிளைப் பிடுங்கியிருந்தால் பெண் வீட்டுக்குப் போயிருப்பது அரைகுறை ஃபைல். "இன்னும் எழுதிட்டு இருக்கு காக்கா, டீ குடிச்சிட்டு வாங்க" என்பதுதான் அங்கே சரியான தீர்வு.

காத்திருக்க வழியில்லை, நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் முதலில் மென்மையாக:

சூடோ கில் -டெர்ம் 2391

டெர்ம் முழுக்கப் பெரிய எழுத்து. பத்து விநாடி விட்டுப் பாருங்கள். பெரும்பாலான புரோகிராம்கள் ஃபைலை மூடிவிட்டு ஒழுங்காக வெளியேறும். ஃப்யூசரிலேயே -கே போட்டு மொத்தமாகக் கொல்லலாம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அதில் இரண்டு ஆபத்து. வேறு சிக்னல் சொல்லாவிட்டால் -கே அனுப்புவது சிக்கில் என்ற உடனே கொல்லும் சிக்னல், எதையும் சேமிக்க அவகாசம் தராது. இரண்டாவது இன்னும் மோசம். நீங்கள் கொடுத்த பாதையில் இப்போது எதுவும் மவுண்ட் ஆகவில்லை என்றால், அந்த ஃபோல்டர் இருக்கும் ஃபைல் சிஸ்டம் முழுவதையும், அதாவது பெரும்பாலும் ரூட்டையே, ஃப்யூசர் எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் ஓடும் எல்லாவற்றையும் கொன்றுவிடும். -கே போட்டே ஆக வேண்டுமானால் கூடவே -ஐ, -பெரிய எம், -டெர்ம் மூன்றையும் சேருங்கள். -ஐ ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டு கொல்லும். -பெரிய எம் அந்தப் பாதை உண்மையான மவுண்ட்டாக இருந்தால்தான் வேலை செய்யும்.

எந்த ஃபைல் என்று பெயரோடு தெரிய வேண்டுமானால் எல்எஸ்ஓஎஃப் கட்டளையோடு மவுண்ட் பாதையை மட்டும் கொடுங்கள். +பெரிய டி போட்டுத் தேடச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. அது ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கித் தேடும், பெரிய டிஸ்கில் வெகுநேரம் பிடிக்கும்.

ஃப்யூசரில் ஒருவரும் இல்லை, ஆனாலும் பிஸி என்றால்? கெர்னலே பிடித்திருக்கிறது, அதனால் புராசஸ் பட்டியலில் பெயர் வராது. இந்த வரிசையில் தேடுங்கள். அந்த மவுண்ட்டுக்குள் இன்னொரு மவுண்ட் இருக்கலாம்: ஃபைண்ட்எம்என்டி -பெரிய ஆர் கொடுத்தால் கிளை கிளையாகக் காட்டும், உள்ளே இருப்பதை முதலில் கழற்றுங்கள். அந்த டிஸ்கில் ஸ்வாப் ஃபைல் (நினைவகம் போதாதபோது கெர்னல் பயன்படுத்தும் இடம்) வைத்திருக்கலாம்: ஸ்வாப்ஆன் --ஷோ சொல்லும், ஸ்வாப்ஆஃப் விடுவிக்கும். ஐஎஸ்ஓ ஃபைலையோ டிஸ்க் இமேஜையோ மவுண்ட் செய்திருக்கலாம்: லாஸ்செட்அப் -ஏ பாருங்கள். அந்த ஃபோல்டரை என்எஃப்எஸ் வழியாக மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் பகிர்ந்திருக்கலாம்: எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி காட்டும், -யு அந்தப் பகிர்வை நிறுத்தும்.

இதிலும் அகப்படாவிட்டால் டாக்கர் மாதிரி கன்டெய்னரைச் சந்தேகப்படுங்கள். கன்டெய்னர் தொடங்கியபோது இருந்த மவுண்ட் அதன் தனி நேம்ஸ்பேஸில், அதாவது அதற்கென்று இருக்கும் மவுண்ட் பட்டியலில், ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் வெளியே கழற்றிய பிறகும் டிவைஸை விடாது.

சூடோ க்ரெப் -எல் கல்யாணம் /ப்ராக்/*/மவுண்ட்இன்ஃபோ

இந்தக் கட்டளை அந்த மவுண்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் புராசஸ்களின் எண்களைத் தரும். கன்டெய்னரை நிறுத்தினால் விட்டுவிடும்.

கொன்றும் சாகாத புராசஸ்

பிஎஸ் ஆக்ஸ் கொடுத்துப் பார்த்தால் நிலைப் பத்தியில் பெரிய டி என்று நிற்கும். டிஸ்கின் பதிலுக்காகக் கெர்னலுக்குள் காத்திருக்கிறது என்று பொருள். கில் -9 கூட அதைத் தொடாது. பழுது புரோகிராமில் இல்லை, டிஸ்கிலோ கேபிளிலோ இருக்கிறது. டிமெஸ்ஜி கட்டளையின் கடைசி வரிகளில் 'ஐ/ஓ எரர்' என்றோ யுஎஸ்பி ரீசெட் என்றோ திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும்.

பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இது கூடுதலாகவே வரும், காரணம் உப்புக்காற்று. ஜன்னல் பக்கம் வைத்த சிபியுவின் முன்பக்க யுஎஸ்பி ஓட்டையை டார்ச் அடித்துப் பாருங்கள். தகடுகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். தொடர்பு விட்டு விட்டு வந்தால் டிஸ்க் நல்லதாக இருந்தும் கெர்னல் திணறும். பின்பக்கம் போர்டோடு சேர்ந்த போர்ட்டில் மாட்டுங்கள், கேபிளை மாற்றுங்கள். பெட்டியை அணைத்துவிட்டு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் ஆன் செய்யுங்கள். அதன் பிறகும் எரர் வந்தால் ஸ்மார்ட்சிடிஎல் -ஏ ஓட்டி டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். ரீசைஸ் என்ற பேச்சையே அதுவரை எடுக்கக் கூடாது.

யுமவுண்ட் -எல் போட்டால் உடனே கழன்றுவிடுகிறதே?

கழன்றதுபோலத் தெரிகிறது. -எல் செய்வது ஃபோல்டர் மரத்திலிருந்து பெயரை எடுப்பது மட்டும்தான். ஏற்கெனவே ஃபைலைத் திறந்த புராசஸ் அதே டிஸ்கில் எழுதிக்கொண்டுதான் இருக்கும். கரையில் நிற்பவனுக்குப் படகு கண்ணிலிருந்து மறைந்துவிட்டது, ஆனால் படகில் இருப்பவன் இன்னும் வலை இழுத்துக்கொண்டிருக்கிறான். அந்த நிலையில் டிஸ்கைப் பிடுங்கினால் எழுதியது போய்விடும். எஃப்எஸ்சிகே ஓட்டப் போனால் 'இஸ் இன் யூஸ்' என்று அது மறுப்பதும் இதனால்தான். இனி பதிலே தராத நெட்வொர்க் ஷேருக்கு -எல் பொருத்தம். யுஎஸ்பி டிஸ்குக்கு வேண்டவே வேண்டாம்.

யுமவுண்ட் மறுக்காமல், முடிக்காமல் நீண்ட நேரம் நிற்கிறது என்றால் அது நல்ல அறிகுறி. நினைவகத்தில் தேங்கியதை டிஸ்கில் இறக்கிக்கொண்டிருக்கிறது. இன்னொரு டெர்மினலில் க்ரெப் டர்ட்டி /ப்ராக்/மெம்இன்ஃபோ (டர்ட்டியின் முதல் எழுத்து பெரிய டி) கொடுத்தால் எண் குறைந்துகொண்டே வருவது தெரியும். முடிந்தபின் யுடிஸ்க்ஸ்சிடிஎல் பவர்-ஆஃப் -பி /டெவ்/எஸ்டிபி கொடுத்து, சுழற்சி நின்றதும் கழற்றுங்கள்.

அறிகுறி: மவுண்ட் செய்யும்போதே 'ஆல்ரெடி மவுண்டட் ஆர் மவுண்ட் பாயிண்ட் பிஸி'

எல்எஸ்பிஎல்கேயில் அந்தப் பார்ட்டிஷனுக்குக் கீழே ஏதாவது கிளை தொங்குகிறதா பாருங்கள். எல்விஎம், ரெய்டு, என்க்ரிப்ஷன் என்று ஏதோ ஒன்று அதை எடுத்துக்கொண்டிருக்கும். அப்போது மவுண்ட் செய்ய வேண்டியது எஸ்டிபி1ஐ அல்ல, அந்தக் கிளையின் நுனியை. பழைய சர்வரின் டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி பெட்டியில் போட்டுக் கொண்டுவருபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். கழற்றும்போதும் யுமவுண்ட் மட்டும் போதாது. எல்விஎம் என்றால் விஜிசேஞ்ச் -ஏஎன் என்று கொடுத்து, பின்னால் அந்த வால்யூம் குரூப்பின் பெயரைச் சேர்த்து, குரூப்பை அணைத்த பிறகுதான் டிஸ்க் விடுபடும்.

அறிகுறி: திடீரென்று 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்'

கரண்ட் போய் வந்தபின் பெரும்பாலும் வருவது. எக்ஸ்ட்4இல் உள்ளே முரண் தெரிந்தால், டெபியன், உபுண்டு வழக்கமாக வைக்கும் ஃபெஸ்டேப் (எந்த டிஸ்கை எங்கே மாட்ட வேண்டும் என்ற பட்டியல் ஃபைல்) அமைப்பில் கெர்னல் எழுதுவதை நிறுத்திவிடும். 'ரீமவுண்ட், ஆர்டபிள்யூ' என்று கட்டாயப்படுத்தித் திறந்து வேலையைத் தொடராதீர்கள். டிமெஸ்ஜி பாருங்கள். ஐ/ஓ எரர் இருந்தால் முதலில் படிக்க முடிவதை நகல் எடுங்கள். இல்லையென்றால் யுமவுண்ட் செய்து இ2எஃப்எஸ்சிகே -எஃப் ஓட்டுங்கள். ரூட் பார்ட்டிஷன் என்றால் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து ஓட்டுங்கள்.

விண்டோஸோடு சேர்ந்து இருக்கும் லேப்டாப்பில் என்டிஎஃப்எஸ் டிரைவ் மட்டும் எழுத விடாவிட்டால், விண்டோஸ் முழுதாக அணையவில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு, விண்டோஸை ஒருமுறை முழுதாக ஷட் டவுன் செய்தால் சரியாகும்.

அறிகுறி: டிஸ்க் நிரம்பிவிட்டது என்கிறது, தேடினால் ஃபைலே இல்லை

ரீசைஸுக்குப் போகுமுன் இதைப் பார்த்தே ஆக வேண்டும். இடம் பற்றவில்லை என்று புது டிஸ்க் வாங்க வைப்பதில் இது முக்கியமானது.

டிஎஃப் 98 சதவீதம் என்கிறது, டியூ கூட்டிப் பார்த்தால் பாதிகூட இல்லை. முதல் காரணம், அழித்த ஃபைலை ஒரு புராசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. சூடோ எல்எஸ்ஓஎஃப் +பெரிய எல்1 கொடுத்தால் அப்படிப்பட்டவை மட்டும் வரும். அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும்.

இரண்டாவது காரணத்தை எங்கள் பக்கம் அடிக்கடி பார்க்கிறேன். மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனி. ராத்திரி பில் எல்லாம் /பேக்கப் என்ற ஃபோல்டரில் மாட்டிய யுஎஸ்பி டிஸ்குக்குப் போகும்படி ஸ்கிரிப்ட். ஒருநாள் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் இறங்கி, பெட்டி மறுபடி ஏறியபோது யுஎஸ்பி டிஸ்க் எழுந்திருக்கவில்லை. ஃபெஸ்டேபில் நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட்டைத் தொடரச் சொல்வது) இருந்ததால் பெட்டி மட்டும் நன்றாக பூட் ஆகிவிட்டது. ஸ்கிரிப்ட்டுக்கு இது தெரியாது. /பேக்கப் என்ற காலி ஃபோல்டரில், அதாவது ரூட் டிஸ்கில், தினமும் எழுதிக்கொண்டே போனது. யாரோ கவனித்து டிஸ்கை மாட்டியதும் அந்த ஃபைல்கள் மவுண்ட்டுக்கு அடியில் மறைந்துவிட்டன. ரூட் நிரம்பிக் கிடக்கிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அடியில் எட்டிப் பார்க்க:

சூடோ மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி
சூடோ டியூ -எஸ்எச் /எம்என்டி/பேக்கப்

பைண்ட் மவுண்ட் மேலே மாட்டியதை விட்டுவிட்டு ரூட்டை மட்டும் காட்டும். அங்கே கிடப்பதை உண்மையான டிஸ்குக்கு நகர்த்துங்கள், பிறகு /எம்என்டியைக் கழற்றுங்கள். மறுபடி நடக்காமல் இருக்க, டிஸ்க் மாட்டாத நேரத்தில் காலி ஃபோல்டரில் சூடோ சாட்டர் +ஐ /பேக்கப் போட்டுவிடுங்கள். அதன்பின் டிஸ்க் இல்லாதபோது யாராலும், ரூட்டால்கூட, அங்கே எழுத முடியாது. டிஸ்க் மாட்டியதும் வழக்கம்போல எழுதலாம். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் மவுண்ட்பாயிண்ட் -க்யூ /பேக்கப் என்ற சோதனையும் இருக்கட்டும், தோற்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்க வேண்டும்.

டிஎஃப் -ஐ கொடுத்து ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எக்ஸ்ட்4இல் ஐநோட் எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும், வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று. சின்னச் சின்ன ஃபைல் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இடம் இருந்தும் 'நோ ஸ்பேஸ்' வரும். ஃபைல் சிஸ்டத்தை வளர்த்தால் ஐநோட்டும் கூடும். வெறும் தகவல் டிஸ்கில், ரூட்டுக்கு என்று ஒதுக்கிய 5 சதவீதத்தை ட்யூன்2எஃப்எஸ் -எம் 1 கொடுத்துக் குறைத்தாலும் ஓரளவு மூச்சு கிடைக்கும். 1 டிபியில் அது சுமார் 40 ஜிபி.

அறிகுறி: பெரிய டிஸ்க் போட்டாயிற்று, டிஎஃப் பழைய அளவையே காட்டுகிறது

வளர்க்கும்போது வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும்: டிஸ்க், பார்ட்டிஷன், எல்விஎம் இருந்தால் அது, கடைசியில் ஃபைல் சிஸ்டம். எல்எஸ்பிஎல்கேயை -எஃப் இல்லாமல் ஓட்டி மேலிருந்து கீழே படியுங்கள். எந்த வரியில் அளவு திடீரென்று சுருங்குகிறதோ அங்கேதான் வேலை.

டிஸ்க் வரியே பழைய அளவு என்றால் அது விர்ச்சுவல் மெஷினாக இருக்கும். எக்கோ 1 கொடுத்து /சிஸ்/கிளாஸ்/பிளாக்/எஸ்டிஏ/டிவைஸ்/ரீஸ்கேனில் எழுதினால் கெர்னல் மறுபடி அளந்துகொள்ளும்.

டிஸ்க் வளர்ந்திருக்கிறது, பார்ட்டிஷன் வளரவில்லை என்றால்:

சூடோ க்ரோபார்ட் /டெவ்/எஸ்டிஏ 2

எஸ்டிஏவுக்கும் 2க்கும் இடையில் இடைவெளி உண்டு, சேர்த்து எழுதினால் வேலை செய்யாது. பழைய 240 ஜிபி எஸ்எஸ்டியை 1 டிபிக்கு அப்படியே குளோன் செய்திருந்தால் இங்கே 'நோசேஞ்ச்' என்று சொல்லி நின்றுவிடக்கூடும். காரணம், எஸ்டிஏ2க்குப் பின்னால் ஒட்டினாற்போல எஸ்டிஏ3 என்று ஸ்வாப் உட்கார்ந்திருக்கிறது. காலி இடம் அதற்கும் அப்பால். பார்ட்டிஷன் தொடர்ச்சியாகத்தான் வளர முடியும், தாண்டிப் போகாது. ஸ்வாப்தானே, உள்ளே காப்பாற்ற வேண்டிய தகவல் இல்லை. ஸ்வாப்ஆஃப் -ஏ கொடுங்கள், பார்ட்டடில் மூன்றாவதை அழியுங்கள், க்ரோபார்ட்டை மறுபடி ஓட்டுங்கள். ஸ்வாப்பைப் பிறகு ஃபைலாக வைத்துக்கொள்ளலாம். ஃபெஸ்டேபில் பழைய ஸ்வாப் வரியை எடுக்க மறக்காதீர்கள், இதன் விளைவு கடைசி அறிகுறியில் வரும். ஹைபர்னேட் பயன்படுத்துபவர் இந்த வழியில் போவதற்கு முன் புது ஸ்வாப்பைத் திட்டமிட்டுக்கொள்ள வேண்டும்.

குளோன் செய்த டிஸ்கில் பார்ட்டட் 'ஃபிக்ஸ் ஆர் இக்னோர்' என்று கேட்டால் ஃபிக்ஸ் சொல்லுங்கள். ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணை தன் இரண்டாவது நகலை டிஸ்கின் கடைசியில் வைக்கும், குளோனில் அது நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். பழைய எம்பிஆர் அட்டவணை என்றால் வழக்கமான 512 பைட் செக்டாரில் 2 டிபைபைட்டுக்கு மேல் எட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எழுதியபின் 'ரீ-ரீடிங் த பார்ட்டிஷன் டேபிள் ஃபெயில்ட், டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்று வந்தால் பயம் வேண்டாம். அட்டவணை டிஸ்கில் எழுதப்பட்டுவிட்டது, ஓடும் கெர்னல்தான் பழையதை வைத்திருக்கிறது. பார்ட்எக்ஸ் -யு /டெவ்/எஸ்டிஏ கொடுங்கள், அதற்கும் மசியாவிட்டால் ரீபூட்.

எல்விஎம் இருந்தால் பிவிரீசைஸ், பிறகு எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர் -எல் +100%ஃப்ரீ, கூடவே வால்யூமின் பாதை. அந்த -ஆர் ஃபைல் சிஸ்டத்தையும் கையோடு வளர்த்துவிடும்.

கடைசி அடுக்கில்தான் ஆட்கள் கட்டளையை மாற்றிப் போடுகிறார்கள். எக்ஸ்ட்4க்கு ரீசைஸ்2எஃப்எஸ், அதற்கு டிவைஸ் பெயர். எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு எக்ஸ்எஃப்எஸ்_க்ரோஎஃப்எஸ், அதற்கு மவுண்ட் ஆன ஃபோல்டர். பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் ரீசைஸ் மேக்ஸ், அதற்கும் ஃபோல்டர். மூன்றும் மவுண்ட் ஆகியிருக்கும்போதே வளரும், பில் போடும் வேலையை நிறுத்த வேண்டாம். ரெட் ஹாட் 7 வந்த 2014 முதல் அந்தக் குடும்பம் எக்ஸ்எஃப்எஸ் பக்கம். ஃபெடோரா டெஸ்க்டாப் 2020இல் 33ஆம் பதிப்பிலிருந்து பிடிஆர்எஃப்எஸ். உபுண்டு, டெபியன் வழக்கமாக எக்ஸ்ட்4.

ரீசைஸ்2எஃப்எஸ் 'பேட் மேஜிக் நம்பர் இன் சூப்பர்-பிளாக்' என்றால் டிஸ்க் கெட்டுப்போனது என்று பதற வேண்டாம். அனேகமாக அது எக்ஸ்எஃப்எஸ் அல்லது எல்விஎம், நீங்கள் எக்ஸ்ட் கட்டளையை அதன்மேல் ஓட்டியிருக்கிறீர்கள். 'நத்திங் டு டூ' என்று வந்தால் ஃபைல் சிஸ்டம் தன் பார்ட்டிஷனை ஏற்கெனவே நிரப்பியிருக்கிறது, மேல் அடுக்கில் வேலை பாக்கி.

அறிகுறி: சுருக்கியபின் மவுண்ட் ஆகவில்லை

சுருக்குவது வளர்ப்பதற்கு நேர் எதிர் வரிசை: முதலில் ஃபைல் சிஸ்டம், பிறகுதான் பார்ட்டிஷன் அல்லது எல்விஎம். மாற்றிச் செய்தால் ஃபைல் சிஸ்டத்தின் வால் அறுந்துவிடும். இ2எஃப்எஸ்சிகே சொல்லும் வாசகம்: சூப்பர்பிளாக்கின்படி (ஃபைல் சிஸ்டத்தின் தலைப்பதிவு) இத்தனை பிளாக், டிவைஸின் உண்மை அளவு இத்தனை, 'அபார்ட்?' என்று கேட்கும். ஆம் சொல்லி வெளியே வாருங்கள். தொடர்ந்து ரிப்பேர் செய்ய விட்டால்தான் நிஜமான சேதம் தொடங்கும்.

அறுத்த இடத்தில் வேறு எதுவும் எழுதாத வரைக்கும் மீட்க முடியும். எல்விஎம் என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய வரைபடம் /இடிசி/எல்விஎம்/ஆர்க்கைவில் இருக்கும். விஜிசிஎஃப்ஜிரெஸ்டோர் --லிஸ்ட் கொடுத்துச் சுருக்குவதற்கு முந்தையதைத் தேர்ந்தெடுத்துத் திருப்புங்கள். வெறும் பார்ட்டிஷன் என்றால் அதே தொடக்க செக்டாரில் பழைய முடிவைத் திரும்ப வையுங்கள். ஆரம்பத்தில் எடுத்த படம் இங்கே உதவும், செக்டார் எண்ணுக்கு எஃப்டிஸ்க் -எல் காட்டுவதையும் சுருக்குவதற்கு முன்னே படம் எடுத்திருக்க வேண்டும்.

முதலிலேயே பிழையில்லாமல் செய்ய: எக்ஸ்ட்4ஐ மவுண்ட்டில் வைத்துச் சுருக்க முடியாது. கழற்றி, இ2எஃப்எஸ்சிகே -எஃப் ஓட்டி, ரீசைஸ்2எஃப்எஸ்ஸுக்குப் புது அளவு கொடுங்கள். எவ்வளவு வரை சுருங்கும் என்று -பெரிய பி கேட்டால் சொல்லும். வேண்டிய அளவைவிடச் சில ஜிபி குறைவாகவே சுருக்குங்கள், பிறகு பார்ட்டிஷனை வெட்டுங்கள், கடைசியில் அளவே கொடுக்காமல் ரீசைஸ்2எஃப்எஸ் ஓட்டினால் மிச்ச இடத்தைச் சரியாக நிரப்பிக்கொள்ளும்.

இந்த ஓரம் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. ரீசைஸ்2எஃப்எஸ்ஸில் 100ஜி என்றால் 1024இன் கணக்கு, அதாவது 107.37 ஜிபி. பார்ட்டடில் 100ஜிபி என்றால் 1000இன் கணக்கு. இரண்டிலும் நூறு என்று கொடுத்தவர் ஏழு ஜிபிக்கு மேல் அறுத்துவிட்டார். பார்ட்டடில் ஜிஐபி என்று எழுதுங்கள். ரீசைஸ்பார்ட் கேட்பது அளவை அல்ல, பார்ட்டிஷன் முடியும் இடத்தை. 50இல் தொடங்கும் பார்ட்டிஷன் 100 அளவுக்கு வேண்டுமானால் 150 என்று கொடுக்க வேண்டும்.

எக்ஸ்எஃப்எஸ்ஸைச் சுருக்குவதை மறந்துவிடுங்கள். புதிய கெர்னல்களில் உள்ள வசதி கடைசி ஓரத்தைக் கொஞ்சம் வெட்டுவதற்கு மட்டும்தான். நகல் எடுத்து, சிறிதாக ஃபார்மட் செய்து, திருப்பி ஊற்றுவதே வழி. பிடிஆர்எஃப்எஸ் மவுண்ட்டில் இருக்கும்போதே சுருங்கும்.

சுருக்கும் நடுவில் கரண்ட் போனால் பிளாக்குகள் பாதி இங்கே பாதி அங்கே என்று நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் காற்றும் மழையுமாக லைன் அறுந்து விழும் நாட்களில் இந்த வேலையைத் தொடாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று ஈபி ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். மீன் கம்பெனிகளுக்கு நான் சொல்வது தடைக்காலத்தை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, பில் குறைவு, பெட்டியை ஒரு பகல் முழுக்கக் கழற்றி வைக்கலாம். யுபிஎஸ் பேட்டரி தாங்குமா என்று முன்கூட்டி லோடு போட்டுப் பாருங்கள். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்தும் பார்த்த பிறகு தொடங்குங்கள்.

அறிகுறி: டிஎஃப் தட்டினாலே டெர்மினல் உறைகிறது

வேறு எதையோ தேடும்போது இது குறுக்கே வரும். பதில் தராத என்எஃப்எஸ் ஷேர் ஒன்று மாட்டியிருக்கிறது. டிஎஃப் -எல் கொடுத்தால் உள்ளூர் டிஸ்க் மட்டும் வரும். சர்வர் திரும்பி வரும் என்றால் காத்திருங்கள், தானே விடுபடும். வராது என்றால் யுமவுண்ட் -எஃப், அப்புறம் -எல். எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் மாதிரி ஃப்யூஸ் மவுண்ட்டில் 'டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயிண்ட் இஸ் நாட் கனெக்டட்' என்றால் பின்னால் ஓடிய புரோகிராம் செத்துவிட்டது. ஃப்யூசர்மவுண்ட் -யு கொடுத்துக் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

அறிகுறி: எல்லாம் முடித்து ரீபூட் செய்தால் பாதியில் நிற்கிறது

'எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்' என்று 1 நிமிடம் 30 விநாடி ஓடும். ஃபெஸ்டேபில் எழுதியிருந்தும் இப்போது எந்த டிஸ்கிலும் இல்லாத யுயுஐடிக்காக (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) சிஸ்டம்டி என்ற பூட்டை நடத்தும் புரோகிராம் காத்திருக்கிறது. அழித்த ஸ்வாப்பாக இருந்தால் காத்திருந்துவிட்டு மேலே போய்விடும், மறுஃபார்மட் செய்த டிஸ்காக இருந்தால் எமர்ஜென்சி மோடில் விடும். ரூட் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய், மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ / கொடுத்து, பிஎல்கேஐடி காட்டும் யுயுஐடியை ஃபெஸ்டேபில் ஒப்பிட்டுத் திருத்துங்கள். உபுண்டுவில் ரூட் கணக்கு பூட்டியிருப்பதால் உள்ளேயே விடாமல் போகலாம். அப்போது லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து அதே ஃபைலைத் திருத்த வேண்டும்.

அதற்கும் முன்பே, கருப்புத் திரையிலேயே அரை நிமிடம் போல நின்றுவிட்டுப் போகிறது என்றால், டெபியன் வகையில் /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம் ஃபைலில் பழைய ஸ்வாப்பின் யுயுஐடி இருக்கும். அதை மாற்றி அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு ஓட்டுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ரீபூட் கொடுக்கும் முன்பே ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை ஓட்டுங்கள். ஃபெஸ்டேபில் எந்த வரி தவறு என்று அதுவே சொல்லும்.